காமிராவின் விலை: ஆர். நடராஜ முதலியாரின் ஒளிப்பதிவு வாழ்வும் சட்டகத்துக்கு வெளியே நின்றவர்களும்



ஒரு தலித் இலக்கிய அரங்கின் நினைவுரைக்கு முதலியார் ஒருவரைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அழைப்பிதழைப் பார்த்ததுமே சிலர் கேட்டுவிட்டார்கள். நம்மவர்களில் இன்னும் ஒரு பக்கம்கூட எழுதப்படாத ஆயிரம் பேர் இருக்க, மவுண்ட் ரோட்டில் மோட்டார் கார் விற்ற ஒருவருக்கு நம் மேடையில் என்ன வேலை என்று. நியாயமான கேள்வி. அதற்கான பதிலாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளலாம்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவர் என்று எல்லாத் திரைப்பட வரலாற்று நூல்களும் நடராஜ முதலியாரைக் குறிக்கின்றன. படத்தின் பெயர் ‘கீசக வதம்’. அது வெளியானது 1917 என்பாரும் உண்டு, 1918 என்பாரும் உண்டு. தயாரிப்பாளர், இயக்குநர் என்றே அவரை நினைவுகூர்கிறார்கள். ஆனால் அவர் முதலில் கற்றது காமிராவின் கைப்பிடியைச் சுழற்றத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. காமிராவைச் சுழற்றியவர் என்ற முறையில் அவர் வாழ்வைப் படித்தால், தமிழ்ச் சினிமாவின் தொடக்கத்தில் யார் கையில் பணம் இருந்தது, யாருக்கு யார் தொழில் கற்றுக்கொடுத்தார்கள், லென்சுக்கு முன்னால் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதெல்லாம் கணக்குப் புத்தகம்போலத் தெரிகிறது. நமக்கு வேண்டியது அந்தக் கணக்கு.

வேலூரில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர் நடராஜ முதலியார். சென்னைக்கு வந்து உறவினர் ஒருவருடன் சேர்ந்து சைக்கிள் வியாபாரம் செய்தார். பிறகு ‘ரோமர் டான் அண்ட் கம்பெனி’ அவர் கைக்கு வந்தது. அமெரிக்கக் கார்களையும் உதிரிப் பாகங்களையும் விற்ற கடை அது. சைக்கிள், மோட்டார் கார், சினிமா காமிரா ஆகிய மூன்றும் அன்றைக்குப் புதிய இயந்திரங்கள். மூன்றும் கப்பலில் வந்தவை. மூன்றையும் திறந்து பார்த்துப் பழுது நீக்கத் தெரிந்தவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். தாதாசாகேப் பால்கேயின் படங்களைச் சென்னையில் பார்த்த நடராஜருக்கு நாமும் எடுத்தால் என்ன என்று தோன்றியதில் வியப்பில்லை. கார் இன்ஜினைத் திறந்து பார்த்தவருக்குக் காமிராப் பெட்டி ஒரு மாயப் பெட்டியாகத் தெரிந்திருக்காது.

ஆனால் இயந்திரம் புரிந்தால் மட்டும் போதாது, சுழற்றக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் இருந்தார். வைஸ்ராய் கர்சன் பிரபுவைப் பற்றிய ஆவணப்படத்தில் வேலை செய்தவர். அறிமுகத்தின் பேரில் அவரிடம் போய்ச் சேர்ந்து தொழிலின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டார் நடராஜர். இந்த ‘அறிமுகம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சமூகவியலில் பண்பாட்டு மூலதனம், சமூக மூலதனம் என்றெல்லாம் பாடம் நடத்துவார்கள். நம் தெருவில் அதற்கு ‘ஆள் இருக்கிறது’ என்று பெயர். ஒரு கார் வியாபாரிக்கு வெள்ளைக்காரக் காமிராக்காரரின் வாசல் திறக்கும், ஏனென்றால் நடுவில் சொல்ல ஆள் இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, அதே தொழிலைக் கற்க அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் சென்னைக்கு வந்து வேண்டிய உதவி கிடைக்காமல் பம்பாய்க்குப் போனார். அங்கே தம்மை ஒரு பள்ளி ஆசிரியர் என்றும், பிள்ளைகளுக்குச் சினிமாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லித்தான் ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தார் என்பார்கள். டேனியல் வசதியானவர், படித்தவர். அவருக்கே அந்த நிலை என்றால், அந்த வாசலைத் தட்டலாம் என்ற எண்ணமே வர வாய்ப்பில்லாதவர்கள் எவ்வளவு தொலைவில் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி காமிரா. தஞ்சைப் பகுதியின் செல்வந்தரான நிலக்கிழார் மூப்பனார் ஒருவரிடம் ஒரு வில்லியம்சன் காமிராவும் பிரின்டரும் இருந்தன. அவற்றை 1,800 ரூபாய் கொடுத்து நடராஜர் வாங்கினார். 1912ஆம் ஆண்டு பால்கே லண்டனுக்குப் போய் வாங்கிவந்ததும் வில்லியம்சன் காமிராதான். நம் ஊர்க் காமிராவின் முதல் முகவரி தஞ்சை மிராசு வீடு என்பதைத் திரைப்பட வரலாறுகள் ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். நமக்குக் கடக்க முடியவில்லை. காவிரிப் பாசன நிலத்தில் பண்ணையாட்களும் படியாட்களும் கூலியாகக் கண்டது நெல். ரூபாயை அதிகம் கண்டதில்லை. அந்த நெல்லின் மிச்சம்தான் ஒரு மிராசு வீட்டில் காமிராவாக உட்கார்ந்திருந்தது. தமிழ்ச் சினிமாவின் முதல் முதலீட்டில் நம் முப்பாட்டன்மாரின் நடவும் அறுப்பும் இருக்கிறது என்று சொன்னால் மிகை என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

இந்த 1,800 ரூபாய் எவ்வளவு பெரியது? இரண்டு அளவுகோல்கள் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, திருச்சி. அன்று நம் பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தின் தாலுகா. குரும்பலூர் அதற்குள் அடங்கிய ஊர். திருச்சி ரயில்வேயில் மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தம் ஊர் திரும்ப நினைத்தபோது, அவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் 1905ஆம் ஆண்டு வாங்கினார். விலை 2,000 ரூபாய்க்கு மேல். அவரிடம் இருந்த சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை. அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, கடைசியில் 1914ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ கட்டினார். அவருடைய அன்றைய சம்பளத்தை வைத்துப் பார்த்தால், நடராஜர் வாங்கிய காமிரா ஒரு ரயில்வே குமாஸ்தாவின் 72 மாதச் சம்பளம். சாப்பிடாமல் கொள்ளாமல் ஆறு ஆண்டு சேர்க்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் நம்முடையது. 1907ஆம் ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பெயரிலேயே விலை. அதற்கு முன்பே, 1893ஆம் ஆண்டு, இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழை நான்கு பக்கத்துடன் தொடங்கியிருந்தார். அன்று ஒரு ரூபாய்க்கு 64 பைசா. அப்படியென்றால் அந்தக் காமிரா 1,15,200 ‘தமிழன்’ இதழ்கள். பண்டிதர் 1914ஆம் ஆண்டு மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு வாக்கில்தான் நடராஜரின் ‘இந்தியா ஃபிலிம் கம்பெனி’ பிறக்கிறது. அச்சு இயந்திரம் வந்தபோது நாம் காலம் தாழ்த்தவில்லை. எழுத்துக் கோக்கவும், பத்திரிகை நடத்தவும், சந்தா வசூலிக்கவும், எதிராளிக்கு மறுப்பு எழுதவும் நம்மவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே களத்தில் இருந்தார்கள். காமிரா விஷயத்தில் அப்படி நடக்காததற்குத் திறமைக் குறைவையோ ஆர்வக் குறைவையோ காரணம் சொல்லிவிட முடியாது. விலைப்பட்டியலைப் பார்த்தால் போதும்.

கீசக வதத்தின் மொத்தச் செலவு 35,000 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. நண்பர்களும் வியாபாரப் பங்காளிகளும் பணம் போட்டார்கள். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவில் ஸ்டூடியோ அமைந்தது. படம் சுமார் 50,000 ரூபாய் வசூலித்து 15,000 ரூபாய் லாபம் தந்தது. சென்னையில் எல்பின்ஸ்டன் அரங்கில் ஓடியது. பர்மா, இலங்கை, மலாய், சிங்கப்பூர் வரை போனது. தமிழ்க் கூலிகள் கப்பலேறிப் போன அதே ஊர்கள்.

ஒளிப்பதிவாளராக அவர் பட்ட பாட்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அன்றைய காமிராவுக்கு மோட்டார் கிடையாது. கைப்பிடியை ஒரு வினாடிக்கு இரண்டு சுற்று, ஒரே சீராகச் சுழற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுச் சட்டகம், வினாடிக்கு பதினாறு. கை தளர்ந்தால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள். கை வேகம் பிடித்தால் ஊர்வார்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகம். ஆக ஒரு வினாடிக்கு ஓர் அடி ஃபிலிம் ஓடும். கீசக வதம் ஏறத்தாழ 6,000 அடி. திரைக்கு வந்த பகுதிக்கு மட்டுமே 12,000 சுற்று. வீணானதும் வெட்டியதும் இதில் சேராது.

மின்விளக்கு வசதி இல்லாத காலம். வெட்டவெளியில் அரங்கம் கட்டி, மேலே வெள்ளைத் துணியை விரித்து, வெயிலை வடிகட்டித்தான் படம் பிடித்தார்கள். ஃபிலிம் லண்டனிலிருந்து கோடாக் நிறுவனத்தின் வழியாக வந்தது. சென்னை வெக்கையில் அதைக் கழுவ முடியாது என்பதால் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார். வார இறுதியில் எடுத்த சுருளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்க் கழுவி வருவார். நாராயணசாமி ஆச்சாரி என்பவர் அங்கே பொறுப்பில் இருந்தார். எடுத்தது சரியாக விழுந்திருக்கிறதா இல்லையா என்பது பெங்களூர் போன பிறகுதான் தெரியும். ஐந்து வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இந்த அலைச்சலோடு படத்தை முடித்திருக்கிறார். உழைப்பாளிதான், அதில் மறுபேச்சில்லை.

அந்த வெள்ளைத் துணியின் நான்கு முனைகளையும் இழுத்துக் கட்டியவர் யார்? காற்று அடிக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்? ஃபிலிம் கழுவ வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தவர், அரங்குக்கு மண் சுமந்தவர், ரயிலடிக்குப் பெட்டி தூக்கியவர் யார்? சு. தியடோர் பாஸ்கரன், ராண்டார் கை போன்றவர்கள் தேடித் திரட்டித் தந்த செய்திகளால்தான் நடராஜரைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது. அந்த உழைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். அதில் வரும் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் முதலியார், முதலியார், மூப்பனார், ஆச்சாரி, மீண்டும் முதலியார் என்று போகும். கதைக்கு யோசனை சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். கீசகனாக நடித்தவர் ராஜு முதலியார். திரௌபதியாக நடித்தவர் ஜீவரத்தினம். காசு போட்டவரும் பேர் பெற்றவரும் மட்டுமே பட்டியலில் ஏறுகிறார்கள். கயிறு பிடித்தவருக்குப் பட்டியல் கிடையாது. நாடகக் கொட்டகையிலும் கோயில் திருவிழாவிலும் பந்தக்கால் நட்டவர்கள் யார் என்று தெரிந்த நமக்கு, இங்கே நின்றவர்களின் சாயலை ஊகிப்பது கடினமல்ல. ஆனால் ஊகம் ஆவணமாகாது என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

கதைக்கு வருவோம். விராட நகரத்தில் சைரந்திரி என்ற பெயரில் பணிப்பெண்ணாக இருக்கிறாள் திரௌபதி. அரசியின் தம்பியும் சேனாதிபதியுமான கீசகன் அவளை விரட்டுகிறான். பீமன் அவனைக் கொல்கிறான். அதிகாரத்தில் இருப்பவன் வீட்டு வேலைக்காரியைத் தொடும் கதை நமக்குப் புராணம் அல்ல, தினசரிச் செய்தி. ஆனால் இந்தக் கதையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவள் உண்மையில் வேலைக்காரி அல்ல. மாறுவேடத்தில் இருக்கும் அரசி. அதனால்தான் பீமன் வருகிறான். உண்மையான வேலைக்காரியாக இருந்திருந்தால் வியாசரும் பாடியிருக்க மாட்டார், முதலியாரும் படமெடுத்திருக்க மாட்டார்.

இதே கதை மராத்தியில் வேறு வேலை செய்தது. காடில்கர் 1907ஆம் ஆண்டு எழுதிய ‘கீசக வதம்’ நாடகத்தில் கீசகன் கர்சன் பிரபு, சைரந்திரி பாரத நாடு என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். அரசு 1910ஆம் ஆண்டு நாடகத்தைத் தடை செய்தது. கர்சனைப் படம்பிடித்தவரிடம் தொழில் கற்ற ஒருவர், கர்சனைச் சாடியதற்காகத் தடைபட்ட நாடகத்தின் கதையைத் தம் முதல் படமாக எடுத்திருக்கிறார். அது உள்நோக்கத்தோடு நடந்தது என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை, வசனம் இல்லாமலே புரியும் கதை என்ற வியாபாரக் கணக்கே போதுமான காரணமாகத் தெரிகிறது.

அடுத்தடுத்து அவர் எடுத்தவை ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’, ‘ருக்மிணி சத்யபாமா’, ‘மார்க்கண்டேயா’ போன்றவை. எல்லாம் புராணம். குடும்பப் பெண்கள் காமிரா முன்னால் நிற்க மறுத்ததால், துகிலுரியப்படும் திரௌபதியாக நடிக்க ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவரைத் தேடிப் பிடித்தார். இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். புராணத்தின் பத்தினியாகத் தோன்றுவதற்கு ஜாதி அடுக்குக்கு வெளியே உள்ள ஒரு பெண்ணின் உடல் தேவைப்படுகிறது. கௌரவம் கதாபாத்திரத்துக்கு, அவப்பெயர் நடித்தவளுக்கு.

நடராஜர் படமெடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் காமிரா இருந்த இடத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு காட்சி நடந்தது. 1921ஆம் ஆண்டு பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தம். மில்லுக்குப் போன ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் வேலைநிறுத்தம் செய்த மற்றவர்களுக்கும் மோதல். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. வீடிழந்தவர்களையே குற்றவாளியாக்கி, நகரத்தை விட்டு வெளியே அனுப்ப வேண்டும் என்றுகூடப் பேசப்பட்டது. எம்.சி. ராஜா நம் மக்கள் பக்கம் நின்று வாதாடினார். அந்த நெருப்பை எழுத்தில் படிக்கலாம். அரசு அறிக்கையிலும் பத்திரிகையிலும் படிக்கலாம். நடராஜரின் படப் பட்டியலில் அதற்கு இடமில்லை. காமிரா கனமானது, ஃபிலிம் விலை கூடியது, அவர் செய்திப்படம் எடுப்பவர் அல்ல என்று காரணங்கள் சொல்லலாம். எல்லாம் சரியான காரணங்கள்தாம். புளியந்தோப்புக் குடிசைக்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கக்கூடிய பார்வையாளர்களாக இருந்தார்கள், படம் பிடிக்கத்தக்க மனிதர்களாக இருக்கவில்லை என்பதும் காரணம்.

‘இயந்திரத்துக்கு ஜாதி தெரியாது’ என்று நம் மேடைகளிலேயே அடிக்கடி சொல்கிறோம். ரயிலுக்கும் அச்சுக்கும் அது பெருமளவு பொருந்தும். சினிமா ஃபிலிமுக்கு முழுவதும் பொருந்தாது. அந்தக் காலத்தில் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது. நீலம் வெளுத்துப் போகும். சிவப்பு கறுப்பாக விழும். செம்மையும் பழுப்பும் கலந்த மனிதத் தோல் உள்ளதைவிட இருண்டு தெரியும். வெள்ளைக்கார நடிகர்களே அதனால்தான் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு அப்பிக்கொண்டார்கள். வெயிலில் உழைத்த உடம்பை அந்தச் சுருள் எப்படிக் காட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாயகன், நாயகி என்றால் மாவு பூசி வெளுக்க வேண்டும். பூசாமல் விட்டால் அரக்கன். 1920களின் நடுவில் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள் பரவியது. பூச்சு மட்டும் போகவில்லை. தொழில்நுட்பத்தின் குறையாகத் தொடங்கிய ஒன்று ரசனையாக மாறி, நூறாண்டு கழித்தும் தமிழ்ப்படக் கதாநாயகியின் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சட்டகத்துக்குள் நம்மவர் வரவே இல்லையா என்றால், கதைமாந்தராக வந்தார். மௌனப்பட காலத்திலேயே நந்தன் கதை படமானது. பேசும்படம் வந்த பிறகு 1935ஆம் ஆண்டு ‘பக்த நந்தனார்’ எடுத்தபோது கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பேசப்பட்டது ஊரெல்லாம் செய்தியானது. 1942ஆம் ஆண்டு தண்டபாணி தேசிகர் நந்தனானார். பறையர் ஒருவரைக் கதாநாயகனாக்கத் தமிழ்ச் சினிமா தயங்கவில்லை. தீயில் இறங்கிப் புனிதனாகி வெளியே வருவார் என்ற உத்தரவாதம் இருக்கும்வரை.

உயிருள்ள தலித் பெண் ஒருத்தி சட்டகத்துக்குள் வந்தபோது நடந்ததை நாம் அறிவோம். டேனியல் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற பெயரில் திருவனந்தபுரத்தில் நிறுவனம் தொடங்கி, சொத்தை விற்று எடுத்த படம் ‘விகதகுமாரன்’. கேரளத்தின் முதல் கதைப்படம். வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள். அதில் நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்தவர், காக்கரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர். கேபிடல் அரங்கில் தொடக்க விழா நடந்தபோது அவர் வரக் கூடாது என்று பெரிய மனிதர்கள் நிபந்தனை போட்டார்கள். திரையில் அவரைப் பார்த்த கூட்டம் கல்லெறிந்தது, திரை கிழிந்தது. அவர் வீடும் தாக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்த ஒரு லாரியில் ஏறித் தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு நாகர்கோவிலில் வாழ்ந்து முடித்தார். பிறகு எந்தப் படத்திலும் அவர் இல்லை.

நடராஜரையும் ரோசியையும் அடுத்தடுத்து வைப்பது எதற்காக? மௌனப்பட காலத்தின் இரண்டு நுனிகள் அவர்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், ஒருவர் காமிராவுக்குப் பின்னால் நிற்கப் பணமும் அறிமுகமும் போதுமானவையாக இருந்தன. இன்னொருவர் காமிராவுக்கு முன்னால் நின்றதே குற்றமானது. ஆங்கிலோ இந்தியப் பெண் திரௌபதியாக நடித்தபோது சென்னையில் திரை கிழியவில்லை. புலையப் பெண் நாயர் பெண்ணாக நடித்தபோது கிழிந்தது. அயல் உடல் புராணத்தைத் தொடலாம். தீண்டாத உடல் ஆதிக்க ஜாதியின் வீட்டுக்குள் நடித்துக்காட்டக்கூட நுழையக் கூடாது.

பார்வையாளர் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். முக்கியமான அவதானிப்பு. 1924ஆம் ஆண்டுதான் பொதுப் பாதையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடங்களிலும் நமக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் கொட்டகைக்காரன் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். இருட்டில் யார் பக்கத்தில் யார் என்று தெரியாது. ஆனாலும் அந்த ஒரே கூரைக்குள் நாற்காலி, பெஞ்சு, தரை என்று பிரிவு இருந்தது. தரைக்குப் போனவர்கள் யார் என்பதற்கு ஜாதிக் கணக்கெடுப்பு தேவையில்லை. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்ததை நம் மூத்தோர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பின்னால் இருப்பவன் மறைக்கிறது என்று கலைத்துவிட்டுப் போவதையும் சேர்த்து. படம் வந்திருக்கிறது என்று ஊருக்கு அறிவித்தவனின் கையில் என்ன இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். தண்டோராப் போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லித் தமிழ்நாடு அரசின் உத்தரவு வர 2022 ஆகியது.

நடராஜரின் தொழில்வாழ்வு நீண்டதல்ல. தீ விபத்தில் மகனை இழந்தார். 1923 வாக்கில் படத்தொழிலை விட்டார். மொத்தம் ஏழெட்டு ஆண்டுதான். அதற்குள் ரகுபதி வெங்கையாவின் மகன் பிரகாஷ் லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அதே புரசைவாக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோவோடு களத்தில் இறங்கிவிட்டார். வெள்ளைத் துணியின் காலம் முடிந்தது.

அதன் பிறகும் நடராஜர் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வாழ்ந்தார். மறைந்தது 1971. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964ஆம் ஆண்டு தோன்றியபோது அவர் உயிரோடு இருந்தார். ஆனால் அவர் எடுத்த படங்களில் ஓர் அடி ஃபிலிம்கூட இன்று இல்லை. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். எரியாவிட்டால் பிசினாகி உதிரும். இரண்டுக்கும் தப்பியதை வெள்ளிக்காக உருக்கினார்கள். விகதகுமாரனும் இல்லை. தென்னாட்டின் மௌனப்படங்களில் முழுமையாகக் கிடைப்பதாக ‘மார்த்தாண்ட வர்மா’வைத்தான் சொல்கிறார்கள்.

படம் அழிந்தாலும் முதலியாரின் பெயர் நிலைத்தது. எல்லா வினாத்தாளிலும் அவர் விடையாக இருக்கிறார். டேனியலுக்குத் தாமதமாகவாவது அங்கீகாரம் வந்தது. 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு விருது தருகிறது. ரோசிக்கு ஒரு திரைப்படச் சங்கமும் ஒரு விழாவும் பெயர் சூட்டிக்கொள்ள இந்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. சென்னையில் தலித் வரலாற்று மாதத்தில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. வெள்ளைத் துணியைப் பிடித்து நின்றவர்களுக்கு இன்னும் ஒரு சொல்லும் இல்லை.

குரும்பலூர்க் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1,15,200 ‘தமிழன்’ விலையுள்ள பெட்டி இப்போது உங்கள் கையிலேயே இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து டூரிங் கொட்டகைகளில் வேலை பார்த்தவர்கள் சிலர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள். கீற்று முடைந்தவர், மண் கொட்டியவர், ரீல் பெட்டியைச் சைக்கிளில் வைத்துப் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு ஓட்டிப்போனவர், ஆபரேட்டருக்குக் கையாளாக நின்றவர். அவர்களிடம் என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்பது பிறகு இருக்கட்டும். கூலி எவ்வளவு, யார் கொடுத்தது, ஆபரேட்டர் அறைக்குள் உங்களை விட்டார்களா, கருவியைத் தொட விட்டார்களா, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள். பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நினைவுரையை அந்தக் குறிப்புகளிலிருந்து உங்களில் ஒருவர் இங்கே படிக்க வேண்டும்.